வாய்க்குள் இருந்த இரண்டு பேர்

காரியுஸைப் பற்றியும் பாக்துஸைப் பற்றியும் நான் கதைக்கத் தொடங்கினால் இலேசில் நிறுத்தமாட்டேன் என்பது என்னைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். பிறந்தநாள் வீடுகளில் கதைத்திருக்கிறேன். கோயில் திருவிழாவில் அன்னதான வரிசையில் நின்று கதைத்திருக்கிறேன். போன கிழமை பேருந்தில் முன்பின் தெரியாத ஒரு தாயிடமும் கதைத்தேன். அவருடைய மகன் வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டிய விதம் எனக்கு அவ்வளவு பழக்கமானது. அவருடைய கைத்தொலைபேசியில் புத்தகத்தின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினேன்.

‘காரியுஸும் பாக்துஸும்’ சின்னப் புத்தகம்தான். 1949 இல் நோர்வேயில் வெளிவந்தது. எழுதியவர் தோர்பியோர்ன் எக்னர், படம் கீறியவரும் அவரே. ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்த எவரிடமும் அந்தப் புத்தகத்தின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். எழுபது வயதுக் கிழவராக இருந்தாலும் முகம் மலர்ந்துவிடும். எனக்கும் இப்போது அப்படித்தான் மலர்கிறது, நான் பிறந்தது யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் என்றாலும்.

அந்தப் புத்தகம் வீட்டுக்கு வரமுதல் எங்கள் இரவுகள் எப்படி இருந்தன என்று சொன்னால்தான் என் சந்தோஷம் விளங்கும். மகளுக்கு அப்போது மூன்றரை வயது. இரவு ஏழரைக்கு நான் பிறஷைக் கையில் எடுத்தால் அவள் மேசைக்குக் கீழே போய்விடுவாள். முதலில் கொஞ்சல்: “குஞ்சு, ஒருக்கா ஆ காட்டுங்கோ, என்ர ராசாத்தியெல்லோ.” பிறகு பேரம். பிறகு வெருட்டல். கடைசியில் நான் தலையை அணைத்துப் பிடிக்க, என் கணவர் கையைப் பிடிக்க, அலறலுக்கு நடுவே இருபது விநாடி. அதற்குப் பெயர் பல்லு மினுக்கல். அவள் படுத்த பிறகும் அந்த விம்மல் கேட்டுக்கொண்டிருக்கும். சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டே நானும் அழுதிருக்கிறேன்.

ஊரிலிருந்து அம்மா வட்ஸப்பில் வழி சொன்னார். “பல்லுக்குள்ள புழு வரும் எண்டு சொல்லு பிள்ளை, பயத்தில திறப்பாள்.” சொன்னேன். புழு உள்ளே பூந்துவிடும் என்று அவள் முன்னையைவிட இறுக்கமாக வாயை மூடிக்கொண்டாள். அவளுடைய நியாயம் சரிதானே!

இங்கே நோர்வேயில் பிள்ளைகளின் பல்லைப் பொதுச் சேவை பார்த்துக்கொள்கிறது, 18 வயதுவரை காசு இல்லை. மூன்று வயதளவில் முதல் அழைப்பு வரும். எங்களுக்கும் வந்தது. போனோம். பெரிய கதிரையில் என் மடியில் இருந்தபடி மகள் வாயைத் திறக்கவேயில்லை. சில மாதம் கழித்துத் திரும்பப் போனோம். அப்போதும் இல்லை. அங்கிருந்த பெண் ஒரு சொல்கூடக் கடிந்துகொள்ளவில்லை. வெளியே வரும்போது மெதுவாகக் கேட்டார்: “வீட்டில் தன்த்ரொல் கதை வாசித்தீர்களா?” ‘தன்’ என்றால் பல். ‘த்ரொல்’ என்பது நோர்வேயின் மலைகளிலும் காடுகளிலும் இருப்பதாகச் சொல்லப்படும் பூதம். பல்லுப் பூதம்! அந்தச் சொல்லைக் கேட்டவுடனே எனக்குள் ஏதோ துள்ளியது.

அந்த வார இறுதியே பியோர்விகாவில் இருக்கிற டைக்மான் நூலகத்துக்குப் போனோம். ஒபேரா மண்டபத்துக்குப் பக்கத்தில் 2020 இல் திறந்த பெரிய கட்டடம். சிறுவர் பகுதியில் தரையில் குந்தியிருந்து, ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல், முதல் பக்கத்தைத் திறந்தோம். திரும்பி எழும்பியபோது மகளுக்குக் கால் விறைத்துவிட்டது. எனக்கும்தான்.

கதை இதுதான். யென்ஸ் என்று ஒரு பெடியன். அவனுடைய பல்லுக்குள் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். கறுப்பு முடிக்காரர் காரியுஸ், சிவப்பு முடிக்காரர் பாக்துஸ். சீப்பையே கண்டிராத முடி. பல்லைக் கொத்திக் கொத்தி ஓட்டை போட்டு, அந்த ஓட்டையையே வீடாக்கிக்கொண்டு, அப்படி ஒரு நிறைவோடு வாழ்கிறார்கள். யென்ஸ் இனிப்பாகத் தின்னத் தின்ன அவர்களுக்குக் கொண்டாட்டம். வெள்ளை ரொட்டியில் சீனிப்பாகு ஊற்றித் தின்பான் என்று நோர்வேஜியத்தில் இருக்கிறது. அதை வாசித்த கணத்திலேயே என் வாயில் தமிழ் தானாக வந்தது: பாணும் பாணியும்! எங்கள் ஊர்ப் பாண், எங்கள் ஊர்ப் பாணி. இப்படி ஒரு பொருத்தம் எந்த மொழியில் கிடைக்கும்? அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யென்ஸுக்குப் பெயர் ‘பாணும் பாணியும் தின்ற பெடியன்’.

ஓட்டைகள் பெருக்க, யென்ஸுக்குப் பல்வலி வருகிறது. பல் டொக்டரிடம் போகிறான். ஓட்டைகள் அடைபடுகின்றன. அவனும் ஒழுங்காகப் பல்லு மினுக்கத் தொடங்குகிறான். வீடும் இல்லை, சாப்பாடும் இல்லை. கடைசியில் பிறஷும் தண்ணீரும் வந்து இருவரையும் அள்ளிக்கொண்டுபோய்க் கடலில் விட்டுவிடுகின்றன. அவ்வளவுதான் கதை. ஒரு இடத்திலும் எக்னர் வாசிக்கிற பிள்ளையைப் பார்த்து விரலை நீட்டிப் புத்தி சொல்வதில்லை. கதை முழுக்க அந்த இரண்டு பேரின் பக்கத்தில்தான் நிற்கிறார். அவர்களுக்குப் பசிக்கிறது, பயம் வருகிறது, சந்தோஷம் வருகிறது. தாய் பல்லு மினுக்கச் சொல்லும்போது, ‘அம்மா சொல்லுறதைக் கேளாதை’ என்கிற பாங்கில் பாக்துஸ் உள்ளேயிருந்து யென்ஸைப் பார்த்துக் கத்துகிறார் பாருங்கள், அந்த இடம் நாடு முழுவதற்கும் மனப்பாடம். பெரிய ஆட்களும் பகிடியாக அதைச் சொல்வார்கள். நான் அந்த இடத்தை உச்சக்குரலில் வாசிப்பேன். மகள் என்னைவிட உச்சத்தில் மறுத்துக் கத்துவாள்: “இல்லை யென்ஸ், கேள்! அம்மா சொல்லுறதைக் கேள்!” பிறஷோடு அவளைத் துரத்தித் திரிந்த எனக்கு அதைக் கேட்க எப்படி இருந்திருக்கும்?

நோர்வேஜியத்தில் ஒரு வரி வாசிப்பேன், உடனே தமிழில் சொல்வேன். காரியுஸுக்கு எங்கள் பெரியப்பாவின் குரல், நிதானமாக, வெற்றிலை போட்டுக்கொண்டு கதைக்கிற மாதிரி. பாக்துஸுக்குக் கீச்சுக் குரல். முதல் இரவே ஐந்து தரம் வாசித்தோம்.

மறுநாள் நடந்ததை நான் மறக்கமாட்டேன். பூதங்கள் அள்ளுண்டு போகிற பக்கம் வந்தது. மகள் கையால் பக்கத்தை மூடிப் பிடித்தாள். “அம்மா, அவையளின்ர வீட்டை ஏன் அடைச்சவை? இனி அவையள் எங்க இருப்பினம்?”

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. 1995 ஒக்ரோபர் கடைசியில், பத்து வயதில், போரால் இடம்பெயர்ந்து வலிகாமத்திலிருந்து மழைக்குள் நடந்து போனவர்களில் நானும் ஒருத்தி. வீட்டை விட்டுவிட்டுப் போவது என்பது எந்தக் கதையில் வந்தாலும் எனக்குள் எங்கேயோ போய்த் தட்டும். அவளுடைய கண்ணைப் பார்த்தேன், நிரம்பி நின்றது. பல்லைத் தின்கிற இரண்டு பேருக்காக என் பிள்ளை அழுகிறாள்! கட்டிப் பிடித்துக்கொண்டேன். என்ன சொல்லித் தேற்றினேன் என்று நினைவில்லை. அடுத்த நாள் பின்னேரம் அவளே ஒரு முடிவோடு வந்தாள். “அவையள் கடலுக்கே போகட்டும். அங்க மீன் இருக்கு, விளையாடலாம். என்ர பல்லு அவையளுக்குச் சின்னன்.” சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள். கேட்காமலே, ஒருவரும் பிடிக்காமலே.

அன்று முழுதாக இரண்டு நிமிடம் மினுக்கினேன். பின்பக்கக் கடைவாய்ப் பற்களை அன்றுதான் முதல்முறை நல்ல வெளிச்சத்தில் பார்த்தேன். எல்லாவற்றையும் எண்ணினேன். இருபதும் இருந்தன.

இந்தப் புத்தகத்தை நான் இவ்வளவு தலையில் தூக்கிவைத்து ஆடுவதற்குக் காரணம் அந்த இரவுதான். பல்லு அரிக்கிற வலிக்கு ஓர் உயிர்தான் காரணம் என்று எங்கள் ஆட்களும் எப்போதோ நினைத்துவிட்டார்கள், அதற்குப் புழு என்று பெயரும் வைத்தார்கள். ஆனால் அந்தப் புழுவுக்கு முகம் இல்லை, முடி இல்லை, வீடு இல்லை, பக்கத்தில் கூட்டாளி இல்லை. அதை வைத்து வெருட்டத்தான் முடிந்தது. எக்னர் அதே உயிருக்கு இரண்டு பெயர் வைத்தார். பற்சிதைவைக் குறிக்கும் ‘காரியெஸ்’ என்ற சொல்லிலிருந்து ஒன்று, பக்ரீரியாவிலிருந்து மற்றது. பிள்ளைக்கு விளங்காத இரண்டு மருத்துவச் சொற்கள் ஒரு நொடியில் இரண்டு சிநேகிதராகிவிட்டன. பயந்த பிள்ளை வாயை மூடும், பரிதாபப்பட்ட பிள்ளை திறக்கும். என் வீட்டில் நான் கண்ணால் கண்டது இது.

எக்னர் 1912 இல் ஒஸ்லோவின் காம்பென் பகுதியில் பிறந்தவர். கதை எழுதுவார், படம் கீறுவார், பாட்டும் கட்டுவார். இங்குள்ள பிள்ளைகள் உயிராக நேசிக்கிற ‘கார்தமொம்மே’ ஊரை 1955 இல் படைத்தவரும் அவர்தான். ஏலக்காய் என்பதன் பெயரில் ஒரு ஊர்! ஒரு ஞாயிறு, மகளைக் கூட்டிக்கொண்டு காம்பென் போய்ப் பார்த்தேன். மேட்டில் தேவாலயம், சுற்றிவர ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கிற சின்னச் சின்ன மரவீடுகள். மகள் நின்று பார்த்துவிட்டு, “பல்லு மாதிரி வரிசையா நிக்குது” என்றாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஈவோ காப்ரினோ 1954 இல் பொம்மைகளை வைத்து எடுத்த கால்மணி நேரப் படமும் இருக்கிறது. அதையும் பார்த்தோம். அருமையானதுதான், ஆனாலும் எனக்குப் புத்தகம்தான் முதல். படத்தில் பூதங்கள் தாமாகப் பேசிவிடுகின்றன. புத்தகத்தில் நாங்கள்தான் பேசவேண்டும்.

இங்கே இன்னொரு வழக்கம், பல்லோடு சேர்ந்தது, எனக்கு மிகவும் பிடித்தது: சனிக்கிழமை இனிப்பு. பிள்ளைகள் கிழமை முழுக்க இனிப்பைத் தொடாமல் இருந்து, சனிக்கிழமை கடைக்குப் போய்க் கரண்டியால் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். இதற்குப் பின்னாலுள்ள கதை வேதனையானது. சுவீடனில் லுண்ட் நகரத்துக்கு அருகே வீப்பேஹொல்ம் என்ற மருத்துவமனையில் 1940களில், மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளுக்கு ஒட்டுகிற ரொபிகளைக் கொடுத்து அவர்களுடைய பற்களைக் கெடவிட்டு ஆராய்ந்தார்கள். சம்மதம் கேட்க யாரும் இல்லாத மனிதர்கள். அந்த மனிதர்களை நினைக்காமல் நான் சனிக்கிழமைப் பையை மகளிடம் கொடுப்பதில்லை. அங்கே தெரியவந்தது, எவ்வளவு சீனி தின்கிறோம் என்பதைவிட எத்தனை தரம் தின்கிறோம், அது எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதே பெரிது என்பது. சீனி கிடைத்தவுடன் வாயிலுள்ள பக்ரீரியா அதை அமிலமாக்கும், அமிலம் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கும். இடைவெளி கொடுத்தால் உமிழ்நீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திவிடும். நாள் முழுக்கக் கொறித்துக்கொண்டே இருந்தால் திருத்த நேரம் ஏது? மகளுக்கு இதை நான் சொன்ன விதம்: காரியுஸும் பாக்துஸும் சாப்பிட்டால்தான் வேலை செய்வினம். ஒரு நாள் விருந்து குடுத்தால் ஒரு நாள்தான் கொத்துவினம்.

நான் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பாலர் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். இனிப்பு நாளும் தமிழ் நாளும் ஒன்றாக வந்து விழுந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனா ஆவன்னா எழுதும்போது மேசைக்குக் கீழே பை சரசரக்கும். இரண்டு வருடம் அதோடு சண்டை பிடித்தேன். பிறகு ஒரு நாள் பூதங்களை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

முதல் நாள் மாப்பொம்மை. இரண்டு பங்கு கோதுமை மா, ஒரு பங்கு உப்பு, ஒரு பங்கு தண்ணீர். ரொட்டிக்குக் குழைக்கிற பதம்தான், கையில் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் மா. இந்த உப்புமாவுக்கு நோர்வேஜியத்தில் என்ன பெயர் தெரியுமா? ‘த்ரொல்தைக்’, பூதமா! பூதமாவில் பல்லுப் பூதம் செய்வது என்பது யாரோ எங்களுக்காகவே ஏற்பாடு செய்துவைத்ததுபோல இருந்தது. பதினொரு பிள்ளைகள், இருபத்திரண்டு பூதம். கறுப்புக் கம்பளி நூலும் சிவப்புக் கம்பளி நூலும் முடிக்கு. ஒரு பெடியன் தன்னுடைய பாக்துஸுக்குக் கண்ணாடி போட்டுவிட்டான், பல்லுக்குள் இருட்டாம். கொழுக்கட்டைக்கு விளிம்பு மடிக்கிற மாதிரி விரலால் நெருக்கி நெருக்கி ஒரு பிள்ளை பூதத்துக்குப் பாவாடை தைத்தாள். அவளுடைய அம்மம்மா வீட்டில் மோதகம் பிடிக்கிறவர் என்று பிறகு தெரிந்தது.

அடுத்த சனி முட்டைப் பெட்டி. பன்னிரண்டு முட்டை வைக்கிற பெட்டியின் அடிப்பக்கத்தைக் கவிழ்த்து வைத்தால் இரண்டு வரிசைக் கடைவாய்ப் பல்! வெள்ளை வர்ணம் பூசினோம். பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளங்களில் களிமண் அப்பினோம். பிறகு ஆளுக்கொரு பழைய பிறஷ். மேலே தேய்த்தால் மேல் மட்டும் போகிறது, பள்ளத்தில் இருப்பது அப்படியே இருக்கிறது. அப்போது தடித்த கம்பளி நூலை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து இடுக்குக்குள் விட்டு எடுத்துக் காட்டினேன். களி உருண்டு வெளியே வந்தபோது வகுப்பே “ஓ!” என்றது. பல்லிடுக்குக்கு நூல் போடுவது ஏன் என்பதை நான் ஒரு வசனத்திலும் சொல்லவில்லை.

முட்டையையும் சொல்லாமல் விடமுடியாது. ஒரு கண்ணாடிக் குவளையில் பச்சை முட்டையை வைத்து, மூடும் அளவுக்கு வினாகிரி ஊற்றினோம். இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓடு முழுக்கச் சின்னச் சின்னக் குமிழி, முத்து கோர்த்துவைத்த மாதிரி. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு குவளையைச் சுற்றி முகம் புதைத்து நின்றார்கள். ஒருத்தி கிசுகிசுத்தாள்: “முட்டை மூச்சு விடுது.” அடுத்த வகுப்பில் பார்த்தால் ஓடு கரைந்து, தோல் மட்டும் மிஞ்சி, உள்ளே மஞ்சள் கரு ஆடுவது தெரிந்தது. முட்டை ஓடும் பல்லும் ஒரே பொருள் இல்லை என்பதைப் பெரிய பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஆனால் அமிலம் இரண்டிலும் கைவைக்கும் என்பதை ஒவ்வொரு பிள்ளையும் விரலால் அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொண்டது. மேசைக்குக் கீழே பை சரசரப்பது அதோடு நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். பாதியாகக் குறைந்தது. இடைவேளையில் எல்லோரும் ஒரேயடியாகத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடிக்கிறார்கள். அது அவர்களே வைத்த சட்டம்.

நல்ல புத்தகம் ஒன்று கிடைத்தால் அது மற்றதுகளையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வரும். யப்பானின் தாரோ கோமி 1984 இல் செய்த முதலையும் பல் டொக்டரும் கதை எங்களிடம் ஆங்கிலத்தில் வந்து சேர்ந்தது. ஒரு பக்கம் முதலை, எதிரே டொக்டர். இரண்டு பேரும் பயத்தில் ஒரே சொற்களைத்தான் சொல்கிறார்கள், காரணம் மட்டும் வேறு. ஒருவருக்குப் பல்லைப் பிடுங்குவார்களோ என்று, மற்றவருக்குக் கையைக் கடித்துவிடுமோ என்று! மகள் முதலை, நான் டொக்டர். நாங்கள் அதைப் புத்தகம் இல்லாமலே, குளியலறையில், மாறி மாறி நடிப்போம். டொக்டருக்கும் பயம் வரும் என்று என் மகளுக்குச் சொன்ன முதல் ஆள் தாரோ கோமிதான். அதற்காக அவருக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

பிறகு வில்லியம் ஸ்டைக்கின் டொக்டர் டி சோடோ, 1982. எழுபதைத் தாண்டிய வயதில் அந்த மனிதர் செய்த வேலை. பல் டொக்டர் ஓர் எலி. பெரிய மிருகங்கள் வந்தால் அவருடைய மனைவி கப்பியில் கயிறு இழுத்து அவரை மேலே தூக்கிவிட, கால் நனையாமல் இருக்க இறப்பர்ச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாய்க்குள் இறங்கி நின்று வேலை செய்வார். பூனை முதலான ஆபத்தான மிருகங்களைப் பார்ப்பதில்லை என்று பலகை வேறு. ஒரு நாள் பல்வலியில் துடித்துக்கொண்டு ஒரு நரி வருகிறது. உள்ளே விடுவதா, விட்டால் தின்னுமா? மிச்சத்தை நான் சொல்லமாட்டேன், வாங்கி வாசியுங்கள். நரியின் வாய் முழுக்கப் பக்கத்தை நிரப்பி நிற்கிற இடத்தில் என் மகள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள், இருபதாவது தரம் வாசிக்கும்போதும். பல்லு மினுக்கு என்று இதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் வலியோடு வந்தவரை, அவர் யாராக இருந்தாலும், வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே கால் வைக்கிற அந்தச் சின்னஞ்சிறு டொக்டரைப் பார்த்த பிள்ளைக்கு, டொக்டரின் கதிரை பிறகு அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

மூன்றாம் முறை நாங்கள் பல் பார்க்கப் போனபோது மகள் தானே ஏறி இருந்தாள். இருந்தவுடன் கேட்ட முதல் கேள்வி, காரியுஸும் பாக்துஸும் இருக்கினமோ பாருங்கோ என்பது, அதுவும் தமிழில்! நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, மிகவும் மும்முரமாக மூலை மூலையாகத் தேடிவிட்டு, ஆட்கள் வெளியே போய்விட்டார்கள் என்று அறிவித்தார். பற்களை அவர் நோர்வேஜியத்தில் எண்ண, கதிரையில் கிடந்தவள் விரலை மடக்கித் தமிழில் எண்ண, இரண்டு மொழியிலும் ஒரே நேரத்தில் இருபது வந்தது.

இப்போது அவளுக்கு ஆறு வயது. முன்பல் ஆடி விழுந்துவிட்டது. இங்கே விழுந்த பல்லை ஒரு குவளைத் தண்ணீரில் போட்டுக் கட்டிலருகே வைத்தால், இரவில் பல் தேவதை வந்து காசாக்கிவிட்டுப் போகும். எங்கள் ஊரில் கூரைமேல் எறிந்து அணிலிடம் புதுப்பல் கேட்போம். முதல் பல்லு குவளைக்குப் போனது, காலையில் இருபது குரோனர். இரண்டாம் பல்லுக்கு அம்மம்மா வட்ஸப்பில் காத்திருந்தார். நாலாம் மாடியில் கூரைக்கு எங்கே போவது? கீழே இறங்கி, சைக்கிள் கொட்டிலின் கூரையில் எறிந்தோம். அம்மம்மா அங்கே கையைத் தட்டினார். ஒஸ்லோவின் அணில் சிவப்பு, முதுகில் கோடு இல்லை. தமிழ் விளங்குமா என்று மகளுக்கு ஒரு கவலை. பல்லு முளைத்தது. விளங்கியிருக்கிறது.

இந்த வயதில் பெற்றோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும், எனக்கும் பிந்தித்தான் தெரிந்தது. பால்பல் எதுவும் விழாமலே, கடைசிப் பல்லுக்கும் பின்னால், வாயின் நாலு மூலையிலும் நிரந்தரக் கடைவாய்ப்பல் ஒவ்வொன்று சத்தமில்லாமல் முளைத்துவிடும். ஆயுளுக்கும் இருக்கவேண்டிய பல். அதன் தலையில் ஆழமான பள்ளங்கள், பிறஷ் போகாத மூலை. மகள் அதற்கு வைத்த பெயர் ‘புதுக் காணி’. காரியுஸும் பாக்துஸும் கடலிலிருந்து திரும்பி வந்தால் முதலில் அங்கேதான் வேலி அடைப்பார்களாம். அதனால் இரவில் முதலில் அந்த நாலு மூலையும்தான். பற்பசை அவளுடைய சுண்டுவிரல் நகத்தளவு. ஒரு சுற்று அவள் மினுக்குவாள், மறு சுற்று நான். பத்து வயதளவுவரை பெரிய ஆளின் கை வேண்டும் என்று இங்கே சொல்வார்கள். துப்பிய பிறகு தண்ணீர் விட்டு வாய் கொப்பளிப்பதில்லை, பசையின் மிச்சம் பல்லிலேயே நின்று வேலை செய்யட்டும் என்று.

நேற்று இரவும் அப்படித்தான். வாய் நிறைய நுரையோடு கண்ணாடியைப் பார்த்து நின்றாள். துப்பினாள். நான் வழக்கம்போலக் குழாயைத் திறந்து, நுரை சுழன்று போவதைப் பார்த்து, காரியுஸுக்கும் பாக்துஸுக்கும் கையைக் காட்டினேன். “சரி, போட்டு வாங்கோ.”

அவள் சட்டென்று என் கையைப் பிடித்து இறக்கினாள்.

“அம்மா! வாங்கோ எண்டு சொல்லாதேங்கோ. பிறகு வந்திடுவினமெல்லோ!”